கல்லுக்குழியிலேருந்து வந்த ஆளு

எங்கைய மறுக்கா அமுக்கு. ஆங்... அப்ப மெய்யாலுமே கேக்குது ஒனக்கு! இப்ப ஊதிச்சே, அது துறைமுகத்துல கப்பலுய்யா. அதுவும் கேட்டுச்சா? பாத்தியா. காலீல டாக்டரு வந்து, இந்தாம்மா, காது தொறந்துகிச்சி, இனிமே ஒம்புருஷன்கிட்ட பேசு, நெறய பேசுன்னு சொன்னப்ப நான் நம்பவே இல்ல. வெடி சத்தத்துல அடச்ச காதாச்சே.

தலய ஆட்டாத. தாடை எலும்பு இப்பத்தான் கூடிகினு வருதாம். வாயத் தொறக்கவும் பாக்காத, அந்தக் கட்டு வுடாது. கண்ணு கட்டு அவுக்க இன்னும் நாளாவும். ஒரு கண்ணாச்சும் நிச்சயமா தெரியும்னு சொல்லிகிறாரு. வலது கை கட்டுக்குள்ள கீது, எடது கை ஒண்டிதான் நல்லா கீது. அது போதும் நமக்கு. ஆமான்னா ஒரு தபா அமுக்கு, இல்லன்னா ரெண்டு தபா.

நான் கெங்கம்மாய்யா. ஒனக்கு இத்தினி நாளா கஞ்சி ஊத்தறது நாந்தான். கொழந்தைக்கு ஊத்தறாப்ல பாலாடையில, கட்டு சந்துல கொஞ்சம் கொஞ்சமா. பக்கத்து கட்டில்ல பக்ருதீன் பாய் கீறாரு, கப்பல்ல கயிறு அறுந்து காலு ஒடிஞ்ச மனுசன். அவரு சொல்லுவாரு, ஏம்மா, காது கேக்காத ஆளுகிட்ட இன்னாத்த இப்டி பேசிகினே கீறன்னு. நான் சொன்னேன், எனக்கு கேக்குதில்ல பாய், அது போதும்னு.

ரெண்டு தபா அமுக்கற... இன்னா இல்ல? கஞ்சி வாணாமா? சரி, அப்பால குடி.

மண்டையில அடிபட்டிருக்கு, பழசு மறந்துகூட பூடும், நீதான் எடுத்து சொல்லணும்னு டாக்டரு சொன்னாரு. அதான் சொல்றேன், சொம்மா கேட்டுகினு இரு. ஜெர்மன்காரன் எம்டன் கப்பல்ல வந்து எண்ணெ டாங்கி மேல குண்டு போட்டானே, பட்டணமே மூட்ட முடிச்ச தூக்கிகினு ஓடிச்சே, அந்த ஐப்பசியில கண்ணாலம். ஓடினவங்க பாதி பேரு திரும்பவே இல்ல. காசிமேட்டுல தெருவே காலி. பந்தல்ல மேளக்காரனும் நாமளும், ஒரு நாலு கெழவிங்களும். ஊருக்கே ஆக்கின சோறு அண்டா அண்டாவா கெடக்குது. இனிமே நமக்கு நாலு நாளு பசிக்காதுன்னு சொல்லி, சிரிச்சிகினே குந்தி தின்னாரு... தின்ன. நீதான் தின்ன.

மறுபடியும் தலய ஆட்டற. தையலு பிரிஞ்சிடும்யா. ஆஸ்பத்திரி ஆயா பாத்தா என்னத்தான் திட்டும்.

மொதல்ல துறைமுகத்துல கரி எறக்கற வேல. ராவெல்லாம் இருமலு. தலகாணியில கறுப்பு கறுப்பா எச்சி. கடலுக்குள்ள சொவரு எழுப்பறான், மலையில கல்லு ஒடைக்க ஆளு எடுக்கறான், நான் போறேன்னு ஒரு நாளு வந்து சொல்லிச்சி. நான் வாணாம்னேன். வெடி வெக்கற எடம்யா அதுன்னேன். கரியில நின்னா நெஞ்சுல கரி, கல்லுல நின்னா நெஞ்சுல கல்தூளு, கல்தூளாச்சும் வெள்ளையா இருக்கும்டின்னு சிரிச்சிகினே பூட்சி. இன்னா சொன்னாலும் ஒரு சிரிப்பு. கோவப்படவே வுடாது.

சனிக்கெழம சாயங்காலம் கல்லு ரயிலு மேல குந்திகினு வருவீங்க எல்லாரும். தல, மீச, கண்ணு எம எல்லாம் வெள்ள. யாரு எவருன்னு பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. லைன் ஓரமா நாங்க பொம்பளைங்க நின்னுகினு இருப்போம், அவங்கவங்க ஆளு குதிக்கறப்பதான் உசுரு வரும்.

அன்னிக்கி சனிக்கெழம இல்ல. செவ்வா.

அத சொல்லட்டுமா, வாணாமா? அமுக்கு. ...சரி, சொல்றேன். எனக்கு தெரிஞ்சதே மேஸ்திரி ஆசீர்வாதம் சொன்னதுதான். காலீல பாறையில போட்ட குழிக்கெல்லாம் வெடிமருந்து கெட்டிச்சி திரி கொளுத்திகிறாங்க. எல்லாம் வெடிச்சிது, ஒரு குழி ஒண்டி வெடிக்கல. வெடிக்காத குழிய அன்னைக்கு யாரும் தொடக்கூடாதாமே? ஆனா கீழ ரயிலு நிக்குது, பெட்டி ரொம்பல, துறைமுகத்துல தொரைங்க கத்தறாங்க. ரெண்டு பேரு போயி தண்ணி ஊத்தி மருந்த நோண்டி எடுங்கடான்னு மேஸ்திரியே அனுப்பிகிறான். போனது ரெண்டு பேரு. கடப்பார கல்லுல பட்டு பொறி பறந்திருக்கும்ன்றான். அவன் எங்க கண்டான், அவன்தான் பாறைக்கு பின்னால கீறானே.

வலிக்குதா? கைய இப்டி நெரிக்கற. போதும், அத வுட்டுட்டேன்.

பாறைக்கு அடியில மாட்டிகினது ஒரு ஆளு, அங்கயே பூட்டாரு. இன்னொரு ஆள அதே கல்லு ரயில்ல, கல்லு மேல கோணி விரிச்சி, கல்லோட கல்லா படுக்க வெச்சி இட்டாந்தாங்க. ரெண்டு பேருக்கும் மூஞ்சின்னு சொல்ல ஒன்னியும் இல்ல. செவப்பு தலப்பா கட்டினு இருந்தவன் ஒம்புருஷன்தானே, அவன் பொழச்சிகினான், ஆஸ்பத்திரிக்கு ஓடு, செத்தது கூட போன அந்த சின்னப்பையன்னு, மேஸ்திரி எங்க வாசல்ல நின்னுகினு சொன்னான். நான் இன்னா பண்ணேன் தெரியுமா? அங்கயே மண்ணுல வுழுந்து சாமிக்கு கும்புடு போட்டேன். எர்ணாவூருல அந்தப் பையனோட பொஞ்சாதி தலையில அடிச்சிகினு அழுவா, அவளுக்கு யாரு இருக்கான்னு ஒரு நிமிசம்கூட நெனைக்கல. நம்மளுது பொழச்சிகிச்சி, நம்மளுது பொழச்சிகிச்சின்னு சொல்லிகினே வழி பூரா ஓடியாந்தேன்.

அந்தப் பொண்ணு போன வெள்ளிக்கெழம இங்க வந்துச்சிய்யா. சின்னப்பையன் பொஞ்சாதி. ராஜாத்தின்னு பேரு.

இரு, இரு. எழுந்துக்க பாக்காத. சொல்றேன்ல.

சின்னப் பொண்ணு. கழுத்துல ஒன்னியும் இல்ல, கையில ஒன்னியும் இல்ல. வவுத்துல புள்ள, ஏழு மாசம் இருக்கும். எர்ணாவூருலேருந்து நடந்தே வந்துகிது. இதோ இப்ப நான் குந்தினு இருக்கறேனே, இதே எடத்துல குந்திச்சி. புருஷன கோணியில சுத்தித்தான் குடுத்தாங்களாம். மூஞ்சி பாக்காதம்மா, புள்ளத்தாச்சின்னு சொல்லிட்டாங்களாம். பாக்காமயே பொதச்சிட்டேன் அக்கான்னு சொல்லிச்சி. கடேசியா தண்ணி கேட்டாரா, எம்பேர சொன்னாரா, கூட இருந்தவரு இவருதானே, இவராண்ட கேட்டு சொல்லு அக்கான்னுது. இவருக்கு காதே கேக்காதும்மான்னேன். சரி, கூட இருந்த கைய ஒரு தபா தொட்டுட்டு போறேன்னு சொல்லி, தொட்டுச்சி.

நீ புடிச்சிகின.

கண்ணு கட்டி கீது, காது கேக்கல. யாரு வந்தா, யாரு போனா ஒன்னியும் தெரியாது ஒனக்கு. ஆனா அந்தக் கைய புடிச்சிகின. வுடவே இல்ல. மார்ல இழுத்து வெச்சிகின. அது பயந்தே பூட்சி. நாந்தான் ஒவ்வொரு வெரலா பிரிச்சி எடுத்து வுட்டேன். வலியில புடிக்கறாரும்மா, தப்பா நெனச்சிக்காதன்னு சொல்லி அனுப்பி வெச்சேன்.

எங்கைய நீ ஒரு நாளும் அப்டி புடிச்சதில்ல. ஆயா கைன்னு நெனச்சிருப்ப, இல்ல?

அழுவாத. கட்டு நனஞ்சா சீழு புடிக்கும். தெரியும், எனக்கு தெரியும். அழுவாத தம்பி.

ஆமா, தம்பின்னுதான் கூப்டேன். நீ எம்புருஷன் இல்லன்னு வந்த அன்னைக்கே எனக்கு தெரியும். ஒடம்பு பூரா கல்தூளு, காலாச்சும் தொடச்சி வுடலாம்னு போர்வைய தூக்கினேன். எங்க வூட்டுக்காரருக்கு எடது கால்ல சுண்டுவெரலு கெடையாது, கரித்தொட்டி வுழுந்து பூட்டிச்சி. ஒனக்கு இருந்துச்சி. எண்ணிப் பாத்தேன். தூளுல சரியா தெரியலயோன்னு தொடச்சிட்டு மறுக்கா எண்ணினேன். அப்பால போர்வைய மூடினேன். பின்னால ஆயா நின்னுகினு, இவருதானேம்மான்னு கேட்டுச்சி. ஆமான்னுட்டேன்.

ஏன்னு கேக்காத, எனக்கே தெரியல. தெருவுல பாக்கறவங்க எல்லாம் ஒம்புருஷனுக்கு எப்டி கீதுன்னு கேக்கறாங்க. தேவலன்றேன். சொல்ல சொல்ல தேவலயாவே இருந்துச்சி. காலீல எழுந்து கஞ்சி காச்சி, தூக்குல ஊத்தி, முக்காடு போட்டுகினு வரணும்னு ஒரு வேல இருந்துச்சி. இங்க வராத போனா அவரு செத்துட்டாருன்னு ஆவுது. அந்தப் பொண்ணு அங்க தாலிய எறக்கி கீது, நான் இங்க மஞ்ச தேச்சி குளிச்சிட்டு வரேன். வெள்ளிக்கெழம அது போற வழிய பாத்துகினே நின்னேன். வவுத்த புடிச்சிகினு, கொஞ்ச தூரம் நடக்குது, நிக்குது, நடக்குது. அதுலேருந்து எனக்கு சோறு எறங்கல.

தலப்பா அவருதான் குடுத்தாரா, வெயிலா கீதுன்னு? ...ஒரு தபா. ம். கேட்டா குடுத்துடுவாரு. கேக்காட்டியும் குடுத்துடுவாரு. நீலமேகம்னு பேரு அவருக்கு. நான் வாயால சொன்னதில்ல இதுவரிக்கும்.

ஒண்ணு கேக்கறேன் தம்பி, அந்தப் பொண்ணு கேக்க வந்ததேதான். ஒடனே பூட்டாரா அவரு? ரொம்ப நேரம் கெடக்கலியே?

...

அமுக்க மாட்டற. ஒனக்கும் தெரியாது. நீயும் அந்தப் புகையிலதான கெடந்த. சரி, வுடு. தெரியாதத எப்டி சொல்லுவ.

ராஜாத்தி வெளிய வராண்டாவுல குந்தினு கீது. காலீல ஆள் அனுப்பி வரச் சொன்னேன். காது தொறந்துகிச்சின்னு ஒண்டிதான் சொல்லிகிறேன், வேற ஒன்னியும் சொல்லல. புள்ளத்தாச்சி, ஒரேயடியா சொன்னா தாங்காது. நான் பக்கத்துல குந்தி பைய பைய சொல்லி உள்ள அனுப்பறேன். நீ பதறாம இரு. அது வந்து கைய குடுக்கும், புடிச்சிக்கோ. இந்த தபா யாரும் பிரிக்க மாட்டாங்க. கஞ்சி இன்னும் சூடாத்தான் கீது, அதயே ஊத்தச் சொல்றேன். எடது பக்கமா ஊத்தணும், வலது பக்கம் ஒனக்கு எரியும். அத மறக்காம சொல்லிட்டு போறேன்.

அதுகிட்ட எனக்கும் ஒண்ணு கேட்டுக்கணும். எங்க வூட்டுக்காரர எங்க பொதச்சிகிதுன்னு அதுக்குத்தான் தெரியும்.