வாசலில் செருப்பு இல்லை

எனக்குச் செருப்பை ஜோடியாக விடத் தெரியாது. அம்மா இன்னமும் திட்டுகிறாள். சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவளுக்கு இது பெரிய குறை. தீப்பொறிக்குப் பயந்து வெடிமருந்து அறைக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் உண்டு; இல்லையென்றால் பூட்டலாம். எங்கள் வழக்கம் அவ்வளவுதான்.

நான் லேபிளுக்குப் படம் போடுகிறவள். சாயங்காலம் விருதுநகரில் இங்கிலீஷ் வகுப்பு. அன்றன்று நடந்ததை வரிசையாக டைரி எழுதச் சொல்வார்கள். விசாரிக்க வந்த உங்களுக்கும் அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், சார். வரிசை தப்பினால் நிறுத்துங்கள்.

முதலாளி ராஜபாண்டியன் அண்ணாச்சிக்குக் கம்பெனியில் எல்லாப் பெண்களும் "தாயி"தான். பாசம் என்பார்கள். ஒருத்தி பெயரும் தெரியாது என்பது என் சந்தேகம்.

சண்டை நடக்கிற ஒரு நாட்டிலிருந்து ஆர்டர் வந்தது. காகிதத்தில் அது பறவை விரட்டும் வெடி; உள்ளே இருந்த மருந்து பறவைக்கு ரொம்ப அதிகம். பலூன் பிடித்த முயல் ஒன்று போட்டுக் கொடுத்தேன். அங்கே விழுந்து வெடிக்காமல் கிடந்தவற்றைப் பிள்ளைகள் எடுத்தார்களாம், முயலுக்காக. கையிலேயே வெடித்ததை டிவியில் காட்டினார்கள். அடுத்த லோடுக்கு அண்ணாச்சி, "முயலு கண்ணு இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும் தாயி. அவுகளுக்குப் பிடிச்சிருக்காம்" என்றார். பெரிதாக்கினேன். முந்தியதைவிட நன்றாக வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு அது எங்கள் கம்பெனிச் சரக்கு என்று வெளியே தெரிந்து, பிடிவாரண்டு வந்தது. கம்பெனிக்கு லீவு. அண்ணாச்சி காலியாகக் கிடந்த மருந்து அறையில் ஒளிந்துகொண்டார். சாப்பாடு கொண்டுபோனது நான்.

ஒரு காலையில் தன் செருப்பையும் போனையும் எடுத்துக் கொடுத்தார். "இத ஆனைக்குட்டம் அணைக்கரையில விட்டுட்டு வந்துரு தாயி. தண்ணியில போயிட்டாருன்னு ஊரு நம்பிரும்." நான் திரும்பும்போது, "ஆமா, ஒம் பேரு என்ன? படம் போட்டது யாருன்னு வக்கீலுக்கு எழுதிக் குடுக்கணும்லா" என்றார்.

முதல் தடவையாகப் பெயர் கேட்டார். "செல்லத்தாய்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் யோசிக்கிறேன். எங்கள் கம்பெனியில் அந்தப் பெயரில் யாரும் இல்லை.

அணைக்கரையில் போன் பக்கத்தில் அவர் செருப்பை மட்டும் ஜோடியாக, நேராக வைத்தேன்.

மறுநாள் நான் சாப்பாட்டோடு போனபோது மருந்து அறைக்குச் சீல் வைக்க ஜீப்பில் வந்திருந்தார்கள். உள்ளே ஆள் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். வாட்ச்மேன் சங்கிலிமுத்து அண்ணன் வாசலைப் பார்த்தார். "செருப்பு கெடக்கலையே சார். பூட்டுங்க." என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நானும் வாசலைப் பார்த்தேன். செருப்பு இல்லைதான்.

இப்போது டீக்கடையில் பாதிப்பேர் அவர் அணையில் என்கிறார்கள், மீதிப்பேர் கொழும்பில். ஒருவர் பழனியில் மொட்டைத் தலையோடு பார்த்தாராம். மொட்டை போட்டால் எங்கள் ஊரில் பாதி ஆண்கள் அண்ணாச்சிதான். பாவம், அவர் வீட்டம்மா பேச்சியம்மாள் பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல், இருந்தும் இல்லாததுபோல் வைக்கிறார். அறையின் சீல் அப்படியே இருக்கிறது.

சத்தம் ஏதும் கேட்டதா என்கிறீர்கள். கேட்டது. அண்ணாச்சி கெட்டிக்காரர்; ஜீப் போகிறவரை மூச்சுக் காட்டவில்லை. சங்கிலிமுத்து அண்ணனும் கம்பெனி கேட்டுக்குத் திரும்பிப் போன பிறகுதான் அண்ணாச்சி உள்ளேயிருந்து கதவைத் தட்டினார். "செல்லத்தாய், செல்லத்தாய்" என்று கூப்பிட்டார். பெயரை மறக்கவில்லை.

என்னைக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன், சார். என் பெயர் முத்துச்செல்வி.