தேப்பன்ர கப்பல்

ஊர்காவற்றுறை பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் அக்காவும் தங்கச்சியும் இருந்தார்கள். வேலணை தாண்டியதும் தங்கச்சி சொன்னாள்:

"அக்கா, நான் ஒரு கடற்கொள்ளைக்காரனைக் கட்டியிருக்கலாம்."

நான் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"ஆரையடி?"

"ரீவியில பழைய இங்கிலீஷ் படம் போட்டவங்கள். அதில வாறவன், தாய் தேப்பனோட வந்த ஒரு பெட்டையைத் தேப்பன்ர கப்பலில இருந்து தூக்கிக்கொண்டு போறான். முதல் அவள் கன்னத்தில அறையிறாள், கடைசியில காதலிக்கிறாள்."

"மாசக்கணக்காய்க் கடலில கிடந்தவனையோ? உன்ர அத்தான் ஒரு இரவு கடல் தொழிலுக்குப் போட்டு வந்தாலே மீன் நாத்தத்தில கிட்டப் போக ஏலாது."

"இவன்ர சேட்டில ஒரு ஊத்தை இல்லை அக்கா."

"அப்ப வலையே இழுக்காதவன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில பாதர் உனக்குக் கலியாணம் எண்டு ஓலை வாசிக்கப் போறார். இப்ப என்ன கொள்ளைக்காரன்?"

"அப்பான்ர வள்ளத்தைச் சீதனமாய் எழுதியாச்சு. இப்ப எஞ்சினும் வேணுமாம் எண்டு மாப்பிள்ளை பகுதி சொல்லி அனுப்பியிருக்கினம்."

அக்கா கைப்பையில் இருந்த காசை எண்ணினாள்.

"அந்தக் கொள்ளைக்காரன் பெட்டையை மட்டும்தான் அக்கா கொண்டு போனவன். தேப்பன்ர கப்பலைத் தொடேல்லை."