இழுப்பறையில் நீலக் கண்ணாடி

மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள் ஐயா, கீறல் விழும். பதினோரு வருடமாகக் கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். கண் சோதிப்பது, வில்லை தேய்ப்பது எல்லாம் நான்தான். அதனால் என் கதையை எழுதும்போது, எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று போட வேண்டாம்.

என் கணவர் எங்களை விட்டுப் போனபோது மகளுக்கு நான்கு வயது. சில மாதம் கழித்து, கடையில் ஆளில்லாத நேரத்தில், விளையாட்டாக அவளுடைய வலது கண்ணை உள்ளங்கையால் மூடினேன்.

"எல்லாம் புகையா இருக்கும்மா."

இடது கண் சோம்பிப்போயிருந்தது. பெரிய விஷயமில்லை. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மறைத்து வைத்தால் சோம்பிய கண் வேலை செய்யப் பழகிவிடும். ஏழெட்டு வயதுக்குள் செய்ய வேண்டும். அதற்குமேல் மூளை அந்தக் கண்ணைக் கைகழுவிவிடும். எத்தனையோ தாய்மார்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். தள்ளிப்போட்டவர்களைத் திட்டியும் இருக்கிறேன்.

மறுநாளே வில்லை தேய்த்தேன். நீல ஃபிரேம் அவளே பொறுக்கியது.

அதே வாரம் வக்கீலம்மாவிடம் போனேன். கணவர் பிரிந்துபோன நாளிலிருந்தே எனக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் வாங்க முடியுமா என்று கேட்டேன்.

"வாங்கலாம். ஆனா நீயே எல்லாத்தையும் சமாளிச்சுட்டா, அவர் குடுக்காததால பிள்ளைக்கு என்ன கொறைஞ்சு போச்சுன்னு எதிர்த்தரப்புல கேப்பாங்க, பாத்துக்க."

அந்த அம்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவர்மேல் பழியில்லை. கண்ணாடியை இழுப்பறையில் வைத்துப் பூட்டியது நான்தான்.

வழக்கு நான்கு வருடம் இழுத்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் முகத்தை அளந்து, சற்றுப் பெரிய நீல ஃபிரேமாக மாற்றினேன். வில்லையும் புதிதாகத் தேய்த்தேன். அக்கறை இல்லாதவள் இதைச் செய்வாளா?

"எப்பம்மா போட்டுக்கறது?"

"அப்பா பணம் கட்டினதும்."

"நான் வேணா அப்பாகிட்ட கேக்கட்டா?"

"நீ வாயத் தொறக்கக் கூடாது."

பள்ளிப் படிக்கட்டில் இரண்டு முறை விழுந்தாள். பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டும் என்று டீச்சர் எழுதிக் கொடுத்த சீட்டுகளை வழக்குக் கோப்பில் சேர்த்தேன். தீர்ப்பு நாளில் நீதிபதி அவற்றைப் படித்துவிட்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரிக்கு ஒரு கண்ணாடி கிடைக்காதா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியம்தான். கேட்ட ஜீவனாம்சம் முழுவதும் கிடைத்தது, கணவர் பிரிந்துபோன நாளிலிருந்து.

வெளியே வராந்தாவில் என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா கண்ணு இப்படின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எதை வித்தாவது குடுத்திருப்பேனேடி."

சொல்லவில்லை. சொன்னால் கொடுத்துவிடுவார் என்று தெரியும்.

அங்கேயே பெஞ்சில் உட்காரவைத்து மகளுக்குக் கண்ணாடியை மாட்டினேன். அளவு கச்சிதம். வலது கண்ணை மூடினேன்.

"புகையாத்தாம்மா இருக்கு."

இப்போது கடையில் எந்தக் குழந்தையின் கண்ணை மூடினாலும், அது வாய் திறப்பதற்கு முன்பே அந்தக் குரல் கேட்டுவிடுகிறது. அது ஒன்றுதான் தொந்தரவு.

மற்றபடி அவளுக்கு என்மேல் கோபமே இல்லை, விசாரித்துப் பாருங்கள். சாப்பிடும்போதும் சரி, தெருவில் நடக்கும்போதும் சரி, இடம் மாறி வந்தாவது என்னைத் தன் இடப்பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறாள். அவ்வளவு ஒட்டுதல்.