மஞ்சள் காருக்கு டயர் மாற்றியது தொடர்பாக

என் பெயர், தந்தையார் பெயர், முகவரி ஆகியவை இந்தத் தாளின் மேற்பகுதியில் நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளன. எனக்கு வயது ஐம்பத்தொன்பது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடை கீழ்த்தளத்திலும் வீடு அதற்கு மேல் மாடியிலும் உள்ளன. எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. சம்பவத்தின்போது மேற்படி மஞ்சள் நிறக் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவன் நான். காரை ஓட்டியவர் என் மனைவி. அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. நகர நீச்சல் மன்றத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருக்கிறார். அங்கே போய் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மீன் டீச்சர் என்றால் வாசல் காவலாளியே அழைத்துப் போய் விடுவார்.

மேற்படி கார் என் மனைவியின் பெயரில் உள்ளது. இரண்டு கதவுகள் கொண்டது. தரையோடு தரையாக இருக்கும். அதில் ஏறுவது என்று சொல்ல முடியாது, விழ வேண்டும். இறங்கும்போது என் மனைவி எனக்குக் கை கொடுப்பார். எஞ்சினின் இழுவை பின் சக்கரங்களில் உள்ளது. இந்த வயதில் இப்படிப்பட்ட காரை ஏன் வாங்கினார் என்று கேட்டதற்கு, அவருக்குப் பிடித்திருந்தது, வாங்கினார் என்று சொல்கிறேன். வேறு காரணம் எனக்குத் தெரியாது.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் ஒருநாள் நீச்சல் மன்றத்து வாசலில் கார் திரும்பியபோது அதன் பின்பக்கம் லேசாக நழுவியது. நான் அதைக் கவனிக்கவில்லை. என் மனைவி, "வாலை ஆட்டுது பாத்தீங்களா?" என்றார். வீட்டுக்கு வந்ததும் உடையைக்கூட மாற்றாமல் ஒரு பழைய சாக்கை விரித்துப் படுத்து நான்கு டயர்களையும் கையால் தடவிப் பார்த்தார். டயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளங்கள், கடைக்காரர்கள் பட்டன் என்று சொல்வது, பின் டயர்கள் இரண்டிலும் தேய்ந்து போயிருந்தன. மாற்றும் வரை கார் வெளியே எடுக்கப்படாது என்று சொல்லிச் சாவியை ஆணியில் மாட்டினார். அதன் பிறகு டயர் மாற்றும் வரையில் அவர் பேருந்தில்தான் வேலைக்குப் போனார்.

இது தெரிந்து என் மைத்துனர், அதாவது என் மனைவியின் தம்பி, அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். அவரைக் குடும்பத்தில் டர்போ என்று அழைப்போம். அவருக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. ஆனால் எல்லாக் கார்களைப் பற்றியும் கருத்து உண்டு. பந்தயத் தடத்தில் போடுகிற டயர்தான் இந்தக் காருக்குப் பொருத்தம் என்றும், கூடவே ரிம்மையும் ஒரு அளவு பெரிதாக்கிவிட்டால் கார் சிங்கம் மாதிரி நிற்கும் என்றும் அவர் சொன்னார். என் மனைவி அவருக்குத் தேநீர் கொடுத்தார். அதனைத் தொடர்ந்து விடுமுறை நாளில் நாங்கள் மூவரும் டயர் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு என்னிடம், "சார், நீங்க எப்படி ஓட்டுவீங்க? வேகமாவா, நிதானமாவா?" என்று கேட்டார். நான், "நான் ஓட்டினா போலீஸ்தான் வரும். அவங்கள கேளுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு என் மனைவிக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு மூன்று வகை டயர்களை உருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்து வைத்தார்.

முதலாவது டயரில் பள்ளங்கள் பேருக்குத்தான் இருந்தன. தொட்டால் விரலில் ஒட்டுவது போல இருந்தது. காய்ந்த தடத்தில் அதற்கு நிகர் கிடையாது என்று கடைக்காரர் சொன்னார். மைத்துனர் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார். இரண்டாவது, கடினமான ரப்பர். நெடுநாள் உழைக்கும், ஆனால் பிடிப்பு சுமார். மூன்றாவது, வேகமான கார்களுக்கென்றே செய்தது, பக்கச்சுவர் விறைப்பாக இருந்தது, சுற்றிலும் அகலமான பள்ளங்கள் ஓடின. என் மனைவி மூன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நீச்சல் குளத்து ஓரத்தில் போடும் ரப்பர் விரிப்பையும் அவர் இப்படித்தான் அழுத்திப் பார்ப்பார், நான் பார்த்திருக்கிறேன். பிறகு மூன்றாவது டயரில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி, "ஈரத்துல பிடிப்புக்கு இது என்ன மார்க் வாங்கியிருக்கு?" என்று கேட்டார். முதல் தரம் என்று கடைக்காரர் சொன்னார். "அதுக்கு?" என்று முதல் டயரைக் காட்டினார். கடைக்காரர், "அது அந்தப் பரீட்சைக்கே போகலம்மா" என்றார்.

அப்போது மைத்துனர், "அக்கா, இது ஸ்போர்ட்ஸ் கார். இதுக்குப் போய் மழைய நெனச்சு டயர் பாக்குறியே, நாலு பேர் சிரிப்பாங்க" என்றார். அதற்கு என் மனைவி, "டேய், ஓடுறதுக்கு இஞ்சின் இருக்கு. அது போதும் போதும்கிற அளவுக்கு இருக்கு. நான் நிக்கிறதுக்கு டயர் வாங்க வந்திருக்கேன். தினமும் ஈரத் தரையில புள்ளைங்கள ஓடாதே ஓடாதேன்னு கத்துறவ நான். வழுக்குறதப் பத்தி எனக்கு நீ சொல்லித் தராதே" என்றார். மைத்துனர் அதன் பிறகு முதல் டயரின் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்துவிட்டார்.

இதனைத் தொடர்ந்து, முன் டயர்கள் இன்னும் பாதி உழைக்கும், பின்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதும் என்று கடைக்காரர் சொன்னதற்கு, "முன்னாடி ஒரு பிடிப்பு, பின்னாடி ஒரு பிடிப்புன்னா வண்டி யார் பேச்சக் கேக்கும்? நாலையும் மாத்துங்க" என்று என் மனைவி சொன்னார். அகலத்தைக் கூட்டவோ ரிம்மை மாற்றவோ அவர் சம்மதிக்கவில்லை. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் கார் செய்த நிறுவனம் குறித்திருந்த அதே அளவு, முன்னால் ஒரு அளவும் பின்னால் சற்று அகலமான அளவும், அப்படியே வேண்டும் என்றார். டயரின் பக்கச்சுவரில் அது தயாரான வாரமும் வருடமும் எண்ணாகப் பதிந்திருக்கும். நான்கில் ஒன்று மட்டும் நாள்பட்ட சரக்காக இருந்ததை அவர் குனிந்து படித்துச் சொன்னதும் கடைக்காரர் முகம் சுளிக்காமல் கிடங்கிலிருந்து வேறு வரவழைத்தார். "இப்படிப் பாத்து வாங்குறவங்களுக்கு விக்கிறது ஒரு சந்தோஷம்மா. முக்காவாசிப் பேர் கறுப்பா, வட்டமா இருந்தா போதும்பாங்க" என்று அவர் சொன்னார். அந்த நேரத்தில் நான் வேறு பக்கம் திரும்பி அங்கே தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரிந்திருந்ததால் அவ்வாறு செய்தேன்.

அதன் பிறகு கார் இழுவை வண்டியில் கடைக்குக் கொண்டுவரப்பட்டு டயர்கள் மாட்டப்பட்டன. சக்கரங்களின் கோணம் சரிபார்க்கப்பட்டது. புது டயரின் மேல் மெல்லிய வழவழப்பு இருக்கும், அது போகும் வரை நிதானமாக ஓட்டுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். என் மனைவி அவ்வாறே ஓட்டினார். பிறகு நல்ல மழை பெய்த ஒரு காலையில், ஆளில்லாத விளையாட்டரங்கின் வாகன நிறுத்தத்துக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். தன் நீலநிற ரப்பர் செருப்பைக் கழற்றித் தரையில் அடையாளமாக வைத்துவிட்டு, தூரத்திலிருந்து ஓட்டி வந்து பிரேக் பிடித்துப் பார்த்தார். முதல் முறை செருப்பு காருக்கு அடியில் போய்விட்டது. திரும்பத் திரும்பச் செய்தார். நான் கதவுப் பிடியில் கை வைத்து, "இறங்கட்டுமா?" என்று கேட்டதற்கு, "நீங்க இருந்தாத்தான் உண்மையான எடை" என்றார். கடைசியில் கார் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லி அங்கேயே நிறுத்தினார்.

சம்பவத்தன்று பிற்பகல், என் கடைக்கு வந்திருந்த லென்ஸ் பெட்டியை எடுத்து வருவதற்காக நாங்கள் இருவரும் காரில் புறப்பட்டோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேம்பாலத்திலிருந்து கால்வாய்க் கரைச் சாலைக்கு இறங்கும் சரிவில் எங்களுக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. ஓட்டியவருக்குப் பின்னால் ஒரு சிறுமியும் அவளுக்குப் பின்னால் அவள் தாயும் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் சரக்கேற்றிய ஒரு சிறு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கி வந்தது. என் மனைவி கண்ணாடியில் பார்த்து, "இவர் என்ன, நம்ம டிக்கியில ஏறிக்கப் போறாரா?" என்று சொல்லி, முன்னால் இருந்த இடைவெளியை இன்னும் அதிகமாக்கிக்கொண்டார். நாங்கள் யாரையும் முந்தவில்லை. யாருடனும் போட்டி போடவில்லை.

சரிவின் அடியில் சாலையைத் தோண்டி இரும்புப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். மோட்டார் சைக்கிள் அதன் மேல் ஏறியதும் சறுக்கி விழுந்தது. மூவரும் சாலையில் உருண்டார்கள். சிறுமி எங்கள் பாதையின் நடுவில் வந்து விழுந்தாள். என் மனைவி பிரேக்கை முழுதாக மிதித்தார். அவர் காலுக்கடியில் பிரேக் கடகடவென்று அதிர்வது எனக்குக் கேட்டது. கார் வாலை ஆட்டவில்லை, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகவில்லை, கோடு போட்டது போல நேராக வந்து நின்றது. சிறுமிக்கும் காருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கும் இடம் இருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து எங்கள் கார் விளக்குகளைப் பார்த்தாள். அவள் தலையில் கட்டியிருந்த ரிப்பன் அவிழ்ந்திருந்தது.

அதன் பிறகு என் மனைவி, "பிடிச்சுக்குங்க" என்றார். பின்னால் வந்த வேன் நிற்க முடியாமல் வழுக்கி, எங்கள் காரின் பின் மூலையை இடித்து, சாலையோர விளக்குக் கம்பத்தில் போய் மோதியது. இடித்தபோதும் என் மனைவி பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. கார் சற்று உந்தப்பட்டதே தவிரச் சிறுமியை எட்டவில்லை.

இதனைத் தொடர்ந்து அவர் என்னைச் சிறுமியிடம் அனுப்பிவிட்டு வேனை நோக்கி ஓடினார். மோட்டார் சைக்கிளில் வந்த மூவருக்கும் சிராய்ப்பு மட்டுமே. வேன் ஓட்டுநரின் கை முறிந்திருந்தது. ஆம்புலன்ஸ் வரும் வரை என் மனைவி அவருடைய தலை அசையாமல் தன் இரு கைகளாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை ஏற்றி அனுப்பிய பிறகு வேனின் முன் டயரை ஒருமுறை உள்ளங்கையால் துடைத்துப் பார்த்தார். அது மொட்டையாக இருந்தது. நானும் தொட்டேன். வழித்த கன்னம் போல இருந்தது. நான் கோபமாக ஏதோ சொல்ல வாய் திறந்தேன். "அவர ஒண்ணும் சொல்லாதீங்க. வண்டி அவரோடது இல்ல. கொடுத்தத ஓட்டுறவர்" என்று என் மனைவி சொன்னார்.

அதற்குப் பிறகு வேனின் உரிமையாளர், என் மனைவி பந்தய டயர் மாட்டிய காரில் சாகசம் செய்வதற்காக வேண்டுமென்றே திடீரென்று பிரேக் அடித்தார் என்று புகார் கொடுத்திருப்பதாக அறிந்தோம். இதன் காரணமாக விசாரணை முடியும் வரை குளத்துப் பக்கம் வர வேண்டாம் என்று நீச்சல் மன்றத்தில் சொல்லிவிட்டார்கள். போட்டிகள் நெருங்கும் நேரம் இது. என் மனைவி வீட்டில் சும்மா இருக்கவில்லை. காலையில் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுவார்கள், மூச்சு எப்படி எடுத்தாய், சுவரை எந்தக் காலால் உதைத்தாய் என்று கேட்டுக்கொண்டே மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். புகாரைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். "பந்தய டயர்னு எழுதியிருக்காங்களே, அத வேண்டாம்னு சொன்னதுக்கு என் தம்பியே சாட்சி" என்றார். மைத்துனரும் வந்து அவ்வாறே வாக்குமூலம் கொடுத்துள்ளார். கடையில் அக்கா தன்னைத் திட்டியதையும் ஒரு சொல் விடாமல் அவரே எழுத வைத்ததாகச் சொன்னார்.

நாங்கள் மருத்துவமனைக்குப் போய் வேன் ஓட்டுநரைப் பார்த்தோம். அவர் என் மனைவியிடம், "நான்தாம்மா நெருக்கி வந்தேன். டயர் மாத்தித் தாங்கன்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். இதையே போலீசுலயும் சொல்லிட்டேன்" என்றார். நாங்கள் போனது அவரை எதையும் சொல்ல வைப்பதற்காக அல்ல. என் மனைவி அவருடைய கையைப் பார்த்து, கட்டுப் பிரித்த பிறகு தண்ணீரில் செய்ய வேண்டிய பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்.

காரை மோட்டார் வாகன ஆய்வாளர் என் முன்னிலையில் சோதித்தார். டயர்கள் காருக்கு உரிய அளவிலும் வகையிலும் நல்ல நிலையிலும் இருக்கின்றன என்று அவர் குறித்துக்கொண்டார். சோதித்து முடித்ததும், "இத யாரு செலக்ட் பண்ணது?" என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். இன்று காலை நீச்சல் மன்றத்துச் செயலாளர் போனில் கூப்பிட்டு என் மனைவியைத் திரும்ப வரச் சொன்னார். வராதே என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னதால், வரச் சொல்வதையும் எல்லார் முன்னிலையிலும் சொல்லும்படி என் மனைவி கேட்டுக்கொண்டார். செயலாளர் சம்மதித்தார். இப்போது என் மனைவி குளத்தில் இருக்கிறார். அதனால்தான் நான் பேருந்தில் வந்தேன்.

மனைவி என்பதால் சாதகமாகச் சொல்கிறீர்களா என்று கேட்டதற்கு, நான் கண்ணாடிக் கடைக்காரன், எனக்குத் தூரப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்கும் சரியான கண்ணாடி இருக்கிறது, சம்பவத்தின்போது அதைப் போட்டிருந்தேன், பார்த்ததைத்தான் சொல்கிறேன் என்று கூறினேன்.

மேலே உள்ளவை எனக்கு முழுவதும் படித்துக் காட்டப்பட்டன. "அதிர்ஷ்டவசமாகக் கார் நின்றது" என்று ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. நான் அவ்வாறு சொல்லவில்லை. முதல் சொல்லை அடிக்கக் கேட்டுக்கொண்டேன். அது அடிக்கப்பட்டு, அந்த இடத்தின் ஓரத்தில் நான் கையெழுத்திட்டேன். மீதி யாவும் நான் கண்டபடியும் சொன்னபடியும் உள்ளன, உண்மை.

(ஒப்பம்)
காரை ஓட்டியவரின் கணவர்