கைக்கு எட்டுகிற கத்தி

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆனாலும் மூன்று பேர் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மடியில் முதுகுப்பை. அதன் வெளி வாரில் முழ நீளக் கத்தி ஒன்றைச் செருகியிருந்தான்.

"இன்னாய்யா, மலை ஏறப் போறியா, ஆளை வெட்டப் போறியா?" என்றாள் மனைவி.

"கத்தின்னா கைக்கு எட்டணும்மே. கடல்ல போட்டு எஞ்சின்ல வலை சுத்திக்கினா சட்டுனு அறுக்க வேணாவா?"

"மலையில இன்னா வலைய்யா சுத்தும்?"

"போட்டுல அப்படியே வெச்சிப் பழகிட்ச்சி."

"போலீஸ் பாத்தா மலைக்குப் போவமாட்ட, ஸ்டேஷனுக்குத்தான் போவ. லுங்கில சுத்திப் பைக்குள்ள வெச்சிக்க."

அவன் கத்தியில் கை வைத்ததும் அவளே தடுத்தாள்.

"இப்ப வேணாம்யா, எறங்கும்போது வெச்சிக்க. காலி சீட்டுல காலை நீட்டிக்கினு வர்றது சொகமாக்கீது."