இந்தக் கை ஓயப்போகிறது

ஒரு ஃப்ளையரை மக்கள் எவ்வளவு நேரம் கையில் வைத்திருப்பார்கள் தெரியுமா, இன்ஸ்பெக்டர் ஜெயராஜ் சார்? அடுத்த குப்பைத்தொட்டி வரும்வரை. அதற்குள் கண்ணைப் பிடித்து நிறுத்த வேண்டும். பினாங்கு ஜார்ஜ் டவுனில் இத்தனை வருஷமாக விளம்பரத் தாள் அடித்துக் கொடுக்கிற என் பிழைப்பே அதுதான். கேட்டதற்கு வருகிறேன், அவசரப்படாதீர்கள்.

மீரா சாகிப் அண்ணன் சூலியா ஸ்ட்ரீட்டுக்குப் பின்சந்தில் நாசி கண்டார் என்கிற சோறு-குழம்புக் கடை வைத்திருந்தார். சமையலில் கைப்பக்குவக்காரர், ஆனால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவரே ஒரு ஃப்ளையர் அடித்திருந்தார். எல்லாக் குழம்பின் பெயரும், அவர் படமும், மருமகன் படமும், கொம்தார் கோபுரமும், மிச்சமிருந்த ஓரத்தில் ஓர் இறாலும் அதில் இருந்தன. சந்துக்காரர்கள் அதை மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

"ஒன்னும் ஓடல, தம்பி. மாசக் கடைசியில மூடிட்டு வீட்டோட இருந்துடலாம்னு பாக்குறேன்லா," என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே, சொல்வதற்கென்ன, தொழில் செய்கிற கை பரபரத்தது.

நம் பினாங்குக்காரர்களை உங்களுக்குத் தெரியாதா? திறந்திருக்கிற கடையை எட்டிப் பார்க்க மாட்டார்கள். மூடப்போகிறது என்று காதில் விழுந்தால் போதும், பிறந்ததிலிருந்து அங்கேயே சோறு தின்று வளர்ந்தவர்கள் மாதிரி மூக்கைச் சிந்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். ஆகவே கொம்தாரை எடுத்தேன், மருமகனை எடுத்தேன், இறாலையும் எடுத்தேன். அகப்பை பிடித்த அண்ணனின் கை மட்டும் மிஞ்சியது. மேலே, 'இந்தக் கை ஓயப்போகிறது.' கீழே, 'மாத முடிவுக்குள் வாருங்கள்.' அதில் ஒரு பொய் கிடையாது. அவர் மூடத்தான் போகிறார்.

வந்தார்கள், சார். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்கூட சந்து முனையில் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. குழம்பு வாங்கியவர்கள் அண்ணன் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள். அவரும் கூச்சமில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தார்.

மாதம் முடிந்தது, அண்ணன் மூடவில்லை. இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்று அதே ஃப்ளையரை மறுபடி கேட்டார். அடித்துக் கொடுத்தேன். அடுத்த மாதமும் கேட்டார். மகள் ரொஸ்னா பக்கத்துக் கடையையும் எடுத்துச் சுவரை இடித்துச் சேர்த்துவிட்டாள். ஓயப்போகிற கை நாளுக்கு நாள் தெம்பாகிக்கொண்டு வந்தது.

என்னை யார் நினைத்தார்கள்? ஜுருவில் கார் விற்கும் கணேஷ் என் பழைய வாடிக்கையாளர். அவருடைய தள்ளுபடிக்கு 'இன்றே கடைசி' என்று நான் எழுதியதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "உன் கடைசி நாள இனி யார்லா நம்புவா? மீரா சாகிப் கைதான் இன்னும் ஓயலையே," என்றார். வேலையைக் கொடுக்கவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசி நாளை நம்பாத ஊரில் ஃப்ளையர் போடுகிறவன் என்ன செய்வான்? வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

அண்ணனிடம் போய்ப் பக்குவமாகச் சொன்னேன். ஒரு நாளாவது மூடுங்கள், என் வார்த்தைக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்றேன். அவர் என் தட்டில் இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றிவிட்டு, பேனர் ஒன்று கேட்டார். 'மக்களின் அன்பால் என்றென்றும் தொடர்கிறோம்.' என்றென்றும் என்பதைச் சிவப்பில் போடச் சொன்னார். போட்டேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

மாதத்தின் கடைசி நாள் காலை, கடை திறக்குமுன் அதைக் கட்டப் போனோம். பேனர் கோணிவிடும் என்று அண்ணனே ஏணியில் ஏறினார். "கெட்டியா புடிச்சுக்கலா, தம்பி," என்றார். கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன். மேல் கொக்கிக்கு அவர் இரண்டு கையையும் நீட்டும்வரை பிடித்திருந்தேன். பிறகு விட்டேன். விட்டதோடு நிற்காமல் காலால் தள்ளவும் செய்தேன். ஏணி தானாக வழுக்கியது என்று முன்பு உங்களிடம் சொன்னது பொய். அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ரொஸ்னா அழுததைப் பார்க்க முடியவில்லை. அண்ணன் மறைவுக்கு ஓதிச் சோறு போடும் ஃபாத்திஹா விருந்துக்கான அறிவிப்பை இலவசமாகச் செய்து கொடுத்தேன். அதே கை, அதே எழுத்து. 'ஓயப்போகிறது' என்பதை மட்டும் 'ஓய்ந்தது' என்று மாற்றினேன். சந்து கொள்ளாத கூட்டம். கணேஷ்கூட வந்து என் தோளைத் தட்டிவிட்டு, அடுத்த தள்ளுபடிக்கு ஃப்ளையர் கேட்டார்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சார்? சோமசுந்தரம் என்று முழுப் பெயரும் போடுகிறேன். ஆனால் இந்தத் தாளை யாரும் படிக்க மாட்டார்கள், எழுத்து அவ்வளவு பொடி. கொலை என்பதை மேலே பெரிதாகப் போடுங்கள், கண்ணில் படும். ஏமாற்றுக்காரன் என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள். வீட்டில் பிள்ளைகள் படிப்பார்கள்.