துண்டு போடாமல் பேசிய விலை

பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில் இடம் கிடைக்காமல் நின்றிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள், தன் தேங்காய்க்கு விலை பேசித் தரும் தரகரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"மாட்டுச் சந்தையில அடுத்தவங்களுக்குத் தெரியாம துண்டுக்குள்ள கைய விட்டு விலை பேசுவாங்கல்ல, அண்ணே. நீங்க இங்கிலீசுக்குள்ள கைய விட்டுப் பேசுறீங்க."

"துபாய்க்காரனைப் புடிச்சுக் குடுத்ததே நான். இப்படிப் பேசலாமா, தங்கச்சி?"

"அதான் மூணு மாசமா போன்ல வியாபார இங்கிலீசு படிக்கிறேன். இன்னைக்கு நானே பேசுறேன்."

"குட் மார்னிங் சொல்லிட்டு முழிப்ப. அவன் வேற ஊர்க் காயப் பாத்துப் போயிடுவான்."

"முழிச்சா முழிச்சிட்டுப் போறேன்."

ஒரத்தநாடு தாண்டியதும் அந்த அம்மாளின் போன் அடித்தது. தரகர் வழக்கம்போலக் கையை நீட்டினார். அந்த அம்மாள் கொடுக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டார்.

"குட் மார்னிங் சார். ஐ ஆம் தி ஓனர். ஒன் கோகனட், தேர்ட்டி ருபீஸ்."

"டூ மச், மேடம். ட்வென்டி செவன். சேம் லைக் லாஸ்ட் டைம்."

"நோ சார். தேர்ட்டி."

மறுமுனை யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

"போச்சு. இனிமே கூப்பிட மாட்டான்," என்றார் தரகர்.

"போன தடவையும் இருபத்தேழா? இருபத்திரண்டுக்கு மேல ஒரு பைசா தர மாட்டேங்குறான்னு சொன்னீங்களே அண்ணே?"

தரகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாள் அதே எண்ணைத் தானே அழைத்தார்.

"சார், மீ அகெய்ன். ட்வென்டி எய்ட். நோ புரோக்கர்."